இன்னும் ஒட்டவில்லை

மோதல் என்றால் நிஜமான மோதல்தான். மில்வாக்கியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம். வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடி, தங்கள் பவளத்தில் வெட்டிய துண்டுகளை மாற்றிக்கொள்ளும் சந்தை. வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டியதால் ரெனாட்டா ஓடிவந்தாள். அவள் முழங்கை பட்டு, எதிரே வந்தவன் கையிலிருந்த வாளி சாய்ந்தது. அத்தனை உப்புத் தண்ணீரும் அவன் சட்டை மேல்...

"சாரிங்க... பார்க்கல."

"பரவாயில்லைங்க. காலையில குளிக்காம வந்துட்டேன். அந்தக் குறை தீர்ந்துச்சு."

நிமிர்ந்தாள். சாம்பல் நிறக் கண்கள்... சிரிப்பு முதலில் அங்கே வந்து, பிறகுதான் உதட்டுக்கு இறங்குகிறது. அடுத்த நொடியே அந்தக் கண்களை மறந்துவிட்டாள். அவன் மேசையில், நீல விளக்கின் கீழே, ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள்ளே... பெர்னிஸ்.

பெர்னிஸ் ஒரு பவளம்; கல்லில் ஒட்டி வாழும், துண்டு வெட்டினால் அதுவும் தனியே வளரும் கடல் உயிர். காளான் குடை போல அகன்ற உடம்பு, மேலெல்லாம் பச்சை நுனி வைத்த குட்டி விரல்கள். ரெனாட்டாவின் அப்பா காஸ் குபியாக், அவள் பிறப்பதற்கு முன்பே வளர்க்க ஆரம்பித்தது. யாராவது தொட்டுவிட்டால் போதும், விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்படியே தன் பழைய கணக்கு டீச்சர் என்று அப்பா அந்த அம்மாளின் பெயரையே வைத்துவிட்டார். மகளிடம் பேசும்போது மட்டும் 'உன் அக்கா' என்பார்.

இந்தக் குளிருக்குப் பயந்து காஸ் ஃப்ளோரிடாவில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட, பெர்னிஸ் மகள் பொறுப்பில் வந்தது. ஒரு நாள் தொட்டி மீன்களுக்குத் தீனி போட்டாள். தீனி அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். நிறுத்தினாள். போன் வந்தது... பேசிக்கொண்டே, மோட்டாரைத் திரும்பப் போட மறந்து, வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டாள். பனிப்புயலில் பாதை அடைபட்டது. ஒருவழியாக வீடு திரும்பியபோது பெர்னிஸ் செத்து, தொட்டி நாறியது. பவளம் வளர்க்கிற யாரும் ஒருமுறையாவது செய்கிற தப்புதான். ஆனால் எல்லோர் வீட்டிலும் பெர்னிஸ் இல்லையே.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா போனில் கேட்பார். "உங்கக்கா எப்படியிருக்கா?"

"மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காப்பா."

"நீ என்ன பண்ணின அவளை?" என்று சிரிப்பார். போனை வைத்துவிட்டு இவள் அழுவாள்.

இப்போது அதே பெர்னிஸ், அதே பச்சை விரல்களோடு, யாரோ ஒருவனுடைய மேசையில்.

"இது... என்ன விலை?"

"விற்கறதுக்கு இல்லைங்க, சும்மா பார்க்கத்தான்." அவன் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான். "எங்க லோர்னா அத்தைக்கு காஸ் குபியாக்னு ஒருத்தர் கொடுத்த துண்டு இது. அத்தை ஊர் மாறினப்ப எனக்கு வந்துச்சு. காஸ் கொடுக்கும்போதே பேசிட்டாராம். விற்கக்கூடாது. என்னைக்காவது அவரோடது செத்துட்டா, வந்து கேட்டா, இதுலேர்ந்து திருப்பிக் கொடுக்கணும். எங்களுக்குள்ள அதுதானே வழக்கம்."

"நான் அவர் பொண்ணுதான்."

"அட... அப்ப உங்க வீட்டுல இருக்கறது?"

சுற்றிலும் அப்பாவின் பழைய கூட்டாளிகள், காதைத் தீட்டிக்கொண்டு. "நல்லாத்தான் இருக்கு" என்றது அவள் வாய், மனசைக் கேட்காமலே. "சும்மா... இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு."

"நல்லா இருந்தா எதுக்குங்க இதைப் போய் வெட்டணும்? பாவம்."

"கொடுக்க மனசில்லைன்னு சொல்லிட்டுப் போங்க. கஞ்சத்தனத்துக்கு வழக்கம்னு பேரு வைக்காதீங்க."

விறுவிறுவென்று வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். கோபம் அவன் மேலா? இல்லை... அவன் கேட்டதில் என்ன தப்பு? கண்ணாடியில் மழை வழிந்தது. 'செத்துப் போச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அவன் பெட்டிகளோடு வெளியே வந்தான். ஈரச் சட்டையில் வெடவெடவென்று நடுங்கியபடி வேன் கதவைத் திறந்தான். வீட்டுச் சூடாக்கி பழுது பார்க்கப்படும், வெண்டல் தீல் என்று வேன் மேல் எழுதியிருந்தது. ரெனாட்டா இறங்கிப் போனாள்.

"செத்துடுச்சுங்க. நான்தான் கொன்னுட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். "மோட்டாரா?"

"ம்..."

"நானும் ஒருதடவை பண்ணியிருக்கேன். அழாதீங்க." வேனுக்குள் கிடந்த காய்ந்த கோட்டை எடுத்தான். நடுங்குவது அவன், கோட்டைப் போர்த்தியது அவளுக்கு. அந்தக் கிறுக்குத்தனத்தை ரெனாட்டாவால் அப்புறம் மறக்கவே முடியவில்லை.

"நாளைக்கே வெட்டிடறேன். ஆனா உடனே கிடைக்காது. காயம் ஆறி, கல்லுல ஒட்டணும். சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து பாருங்க."

வந்தாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள்... அதற்கடுத்ததும். சும்மா நிற்காமல், பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்யும் வேலையிலிருப்பவள் ஆயிற்றே, தன் பல் சுரண்டும் கொக்கியைக் கொண்டுவந்து தொட்டியின் பாசியைச் சுரண்டினாள்.

"கண்ணாடி இப்படிப் பளபளன்னு இருந்ததே இல்ல."

"உங்களை வாயைத் திறக்கச் சொல்லலையேன்னு சந்தோஷப்படுங்க."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது. நீல வெளிச்சத்தில் அவன் கண்கள் கடல் நிறம் காட்டும். சிறு கல்லின் மேல், மிதந்து போகாமலிருக்கக் கட்டிய சல்லடைத் துணிக்கு அடியில், கட்டைவிரல் அளவுக் குட்டி பெர்னிஸ் கோபித்துக்கொண்டு சுருண்டிருக்கும்.

"ஒட்டிடுச்சா?"

"இன்னும் ஒட்டல. அடுத்த வாரம் பார்க்கலாம்."

துணியை எடுத்தாயிற்று, பச்சை விரல்கள் கூட நீட்டியாயிற்று. அப்போதும் "இன்னும் ஒட்டல"தான்.

திடீரென்று அப்பா போன் செய்தார். "புனித வெள்ளிக்கே வந்துடறேன்டா. உங்கக்காவைப் பார்க்காம இருக்க முடியல." முந்தின நாள் மாலை, மழையில் நனைந்துகொண்டே வெண்டல் வீட்டுக்கு ஓடினாள்.

"இன்னைக்கு எடுத்துட்டுப் போகணும்."

"இன்னைக்கா? அது... இன்னும் சரியா ஒட்டலையே ரெனா."

அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். கல்லைத் தலைகீழாகத் திருப்பி உலுக்கினாள். குட்டி பெர்னிஸ் அசையவே இல்லை.

"எப்ப ஒட்டுச்சு வெண்டல்?"

அவன் தரையைப் பார்த்தான். "பனி உருகறதுக்கு முன்னாடியே... சொன்னா நீ எடுத்துட்டுப் போயிடுவ. அப்புறம் சனிக்கிழமை இந்த வீட்டுல யாரு இருப்பா? எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு ரெனா. நேரா சொல்ல தைரியமில்ல. அதான் அது மேல பழியைப் போட்டேன்."

"காஸ் குபியாக் பொண்ணுக்கு ஒட்டின பவளம் தெரியாதா?"

"அப்ப..."

"உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். எவ்வளவு நாள் புளுகறன்னு பார்த்துட்டிருந்தேன்." அவள் குரல் இறங்கியது. "நீ புளுகறதை நிறுத்திடுவியோன்னு பயமாவும் இருந்துச்சு."

மறுநாள் காஸ், பொரித்த மீன் பொட்டலத்தோடு வந்திறங்கினார். கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்குப் போனார். பெரிய தொட்டியின் நடுவே கட்டைவிரல் அளவு பவளம். ரெனாட்டா ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். மோட்டார், கல்யாணம், போனில் சொன்ன பொய்கள்...

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் நிறைந்திருந்தது.

"முறையா கேட்டு வாங்கினியா? செத்துடுச்சுன்னு சொல்லி?"

"முதல்ல வாய் வரலப்பா. அப்புறம் சொன்னேன்."

அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். குட்டி பெர்னிஸின் விரல்கள் நீரோட்டத்தில் ஆடின.

"சரி... இனிமே நீதான் அவளுக்கு அக்கா. பார்த்துக்கோ." மூக்கை உறிஞ்சிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "வாசல்ல ஒரு வேன் நிக்குதே. வந்ததுலேர்ந்து பார்க்கறேன், உள்ளே ஒருத்தன் உட்கார்ந்தே இருக்கான். யாரு அது?"

"அவன்தான்ப்பா திருப்பிக் கொடுத்தது." ரெனாட்டா மூச்சை இழுத்துக்கொண்டாள். ஒருமுறை மறைத்துப் பட்டது போதும். "எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு."

காஸ் மகளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து அலமாரியைத் திறந்து, மூன்றாவது தட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"அப்ப கூப்பிடு. மீன் ஆறுது."

ரெனாட்டா செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினாள்.