பதில் வராவிட்டால்

அந்தத் திரையில் கயல்விழிக்கு ஒரே ஒரு வரிதான் உறுத்தியது.

ஒரத்தநாட்டு வீட்டின் கூடத்தில் உட்கார்ந்தபடி, சென்னையில் இருக்கும் ஒரு வங்கியின் பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பழைய கணக்குகள் எல்லாம் அங்கே காந்த டேப்புகளில் கிடக்கின்றன. ஏதாவது டேப் தேவைப்பட்டால் கம்ப்யூட்டர் அவளைக் கேட்கும், "ஏற்றவா?" என்று. அவள் பதில் சொல்லும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். யாரும் எதுவும் சொல்லாதபோது கம்ப்யூட்டர் தானாக என்ன செய்யும் என்று சொல்லும் இந்த டீஃபால்ட் அமைப்புகளை ஷிப்ட் தொடங்கும்போது திறந்து பார்ப்பது பல் தேய்ப்பது மாதிரி. யாரும் கவனித்துச் செய்வதில்லை.

இன்று கடைசி வரி மாறியிருந்தது. மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால், சம்மதம்.

மாற்றியவர், குஞ்சிதபாதம்.

சென்னையில் அந்த டேப் அறையில் வேலை பார்த்த மனிதர். நாகப்பட்டினத்துக்காரர், அவளும் பக்கத்து ஊர்ப்பக்கம் என்பதால் அவளிடம் தனி ஒட்டுதல். போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஏம்மா கயலு, அடுத்த டேப் எது?" என்பார். போன மாதம் அந்த அறையிலேயே விழுந்து இறந்துபோனார். டேப்புக்காக நீட்டிய கை மடங்கவே இல்லையாம்.

மேனேஜர் வெங்கட்ராகவனைக் கூப்பிட்டாள்.

"சார், டீஃபால்ட் மாறியிருக்கு. குஞ்சிதபாதம் சார் ஐடியில."

அந்தப் பக்கம் அவர் கீபோர்டைத் தட்டிப் பார்க்கும் சத்தம்.

"அவர் ஐடிய அன்னைக்கே மூடியாச்சேம்மா. முதல்ல பழையபடி மாத்துங்க."

மாற்றப் போனாள். நெட் போய்விட்டது. போனிலும் சிக்னல் இல்லை. திரை அந்த வரியோடு அப்படியே உறைந்து நின்றது.

விளக்கு வைத்த நேரம். ஐப்பசி மழை மதியத்திலிருந்து விடாமல் பெய்து ஓய்ந்திருந்தது. இப்போது தென்னை மட்டைகளிலிருந்து சொட்டும் சத்தமும், வாய்க்கால் பக்கம் தவளைகளின் இரைச்சலும், இன்வெர்ட்டரின் முனகலும் ஒன்றாகக் கலந்து, ஊறிப்போன வைக்கோலின் புளித்த வாடையோடு ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. நட்ட சம்பா மூழ்குகிறது என்று வடிகாலை வெட்டிவிடப் போன கணவன் வளவன் இன்னும் திரும்பவில்லை. உள் அறையில், தூளியில் தமிழ்நிலா தூங்கினாள். ஏழு மாதக் குழந்தை. இன்னும் 'அம்மா' கூட வரவில்லை.

"கயலு."

கொல்லைப் பக்கம்.

அவள் வாய் திறக்கவில்லை. இருட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது. செத்தது இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவது குரல் கேட்டால்தான் மனுஷன். கம்ப்யூட்டர் படித்தும் அவளுக்கு இது மட்டும் போகவில்லை. வளவன் கேலி செய்வான், ஆனாலும் கதவருகே நின்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான்.

"கயலு."

இப்போது கொல்லைக் கதவுக்கு அருகில். மழையில் நனைந்த தொண்டை போல் இருந்தது. வளவன்தான், வேறு யார், என்று சொல்லிக்கொண்டாள். தவளைகள் எப்போது நிறுத்தின என்று தெரியவில்லை.

"ஏம்மா கயலு."

மூன்றாவது குரல். அதன் பின்னால், மெல்ல, மூக்கை உறிஞ்சும் சத்தம்.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் சொல்லக் கூடாது. மூச்சுகூட விடக் கூடாது. சொல்லாவிட்டால் போய்விடும்.

போய்விட்டது போலத்தான் இருந்தது. வெறும் சொட்டுச் சத்தம். அவள் கைகளை இறக்கினாள்.

நெட் இல்லாத திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது.

மூன்று முறை கேட்கப்பட்டது. பதில் இல்லை. ஏற்றப்படுகிறது.

"வேண்டாம்," என்றாள் கயல்விழி. சத்தமாக. "வேண்டாம், வேண்டாம்."

உள் அறையில் கயிறு முறுகியது.

ஓடினாள். கொக்கியில் தூளி சுழன்றுகொண்டிருந்தது. சேலை முறுக்கேறி, முறுக்கேறி, இறுகி நின்றது. பிறகு மறுபக்கம். ஒரே வேகம். குழந்தை அழவில்லை.

"நிலா."

தூளி நின்றது. உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஏம்மா கயலு, அடுத்த டேப் எது?"

சேலை மடிப்பை விலக்கிக்கொண்டு ஒரு சின்னக் கை வெளியே நீண்டது. விரல்களை விரித்து, அவள் கொடுப்பதற்காகக் காத்திருந்தது. மடங்கவே இல்லை.