சிபியின் கார்டு

நீல விளக்கு எரிந்ததும் ஷீஜா, "தேங்க்ஸ் சிபி" என்று சொல்லிவிட்டாள். கையிலிருந்த கேபிளைச் செருகி, அடுத்ததை எடுத்த பிறகுதான் சிபி அங்கே இல்லை என்பது மண்டையில் ஏறியது.

சர்வர் அறையில் இது தினப்படி நடக்கிற காரியம்தான். ரேக் என்கிற ஆளுயர இரும்பு அலமாரிகளில் சர்வர்களை அடுக்கிவிட்டால், பின்பக்கம் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். முன்பக்கம் நிற்பவர் வேண்டிய சர்வரில் ஒரு பொத்தானை அழுத்துவார். பின்னால் அதே சர்வரில் நீல விளக்கு மினுக்கும். முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். அதற்காகவே அறைக் கதவும் இரண்டு பேருடைய கார்டை வைத்தால்தான் திறக்கும்.

ஆனால் இன்றைக்கு ஹர்த்தால். "சேச்சி, விடிஞ்சா வண்டியைத் தடுப்பானுவ. நான் இப்பமே போவட்டா?" என்று நேற்று ராத்திரியே கெஞ்சி, தன் கார்டை இவள் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டான் சிபி. மாற்று ஆளும் வரவில்லை. நேற்று ஏறிய டூட்டி இன்றைய பகலையும் விழுங்கிவிட்டது. புது சர்வரை மாலைக்குள் ஓடவிட வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் உயிரை எடுத்தார்கள். என்ன செய்வாள்? இரண்டு கார்டையும் தானே வைத்துக் கதவைத் திறந்து, சர்வரைத் தூக்கு வண்டியில் தள்ளிக்கொண்டு தனியாக உள்ளே வந்துவிட்டாள்.

சீக்கிரம் முடித்தால் போதும். மகள் அக்ஸாவுக்கு நேற்றிலிருந்து அனலாகக் காய்கிறது. புருஷன் சஜி போனில் சொல்லியிருந்தான்: "ஆறு மணிக்கு ஹர்த்தால் முடியட்டு, பிள்ளையையும் கொண்டு வாறேன். நீ இறங்கி நில்லு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போலாம்." பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை சுருண்டு கிடக்கிறதே என்ற நினைப்பு அவளை அரித்துத் தின்றது.

ரேக்குகளின் பின்பக்கச் சந்தில் வெந்த பிளாஸ்டிக் வாடையும் சூடான தூசியும் கலந்த காற்று முகத்தில் அடித்தபடியே இருந்தது. நூற்றுக்கணக்கான ஃபேன்களின் இரைச்சல் காதில் புகுந்து, பல்லில் அதிர்ந்து, கடைசியில் தன் உடம்புக்குள்ளிருந்தே வருகிறதோ என்று எண்ண வைத்தது. கால் வீங்கிச் செருப்பு இறுகியது. விளக்கைக் கண்ட்ரோல் ரூமிலிருந்தும் எரியவிடலாம். அங்கே எவனாவது போட்டிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. அடுத்து கேபிள் இழுக்க வேண்டிய சர்வரில் எரிந்தது. அவள் செருகியதும், அதற்கடுத்து வேண்டியதில். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பயப்பட்டிருக்க வேண்டும். பயப்படவும் தெம்பு வேண்டுமே! சோர்வில் அவளுக்குக் கண்ணீர்தான் முட்டியது. "யாரா இருந்தா என்ன? முடிச்சுத் தந்தா போதும். எனக்குப் பதிலா யாராச்சும் வேலையைப் பாத்தா சரி" என்று வாய்விட்டே சொன்னாள்.

ஃபேன்கள் ஒரு கணம் தணிந்து மறுபடி ஏறின.

எதிரே ரேக்கில் சர்வர் மாட்டாத ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியாக முன்பக்கத்தில் ஒரு தோள் தெரிந்தது. பச்சைச் சுடிதார். இவள் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். அதே பச்சை. தோளில் அதே தூசி.

தோள் நகர்ந்தது.

முன்பக்கத்துக்கு ஓடினாள். ஏசியின் குளிர் மட்டும்தான். ஆள் இல்லை. சர்வரைத் தள்ளும்போது கழுத்து நாடா சிக்கிக்கொள்ளும் என்று இரண்டு கார்டையும் கழற்றி ரேக் கைப்பிடியில் மாட்டியிருந்தாள். இப்போது ஒன்றுதான் தொங்கியது.

சிபியின் கார்டு.

கதவில் வைத்தாள். சிவப்பு. மறுபடி வைத்தாள். சிவப்பு. அவசரப் பொத்தானின் கண்ணாடியை உடைத்து அழுத்தினாள். கதவு அசையவில்லை.

சுவர் போனை எடுத்து வாசல் செக்யூரிட்டி சத்தியதாஸைக் கூப்பிட்டாள். மனிதர் மத்தியானம்தான் நடந்தே வந்து டூட்டியில் ஏறியவர். சிபி போனது அவருக்குத் தெரியாது.

"அண்ணே, நான் ஷீஜா! கதவு திறக்க மாட்டேங்குது!"

"ஆரு, சிபியா? ஒண்ணும் கேக்கல்லியேடே, ஃபேன் சத்தம்தான் வருது."

"ஷீஜா, அண்ணே! ஷீஜா!"

"ஷீஜாவையா தேடுத? அவ இப்பதான் இறங்கி வந்தா. பாவம், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. சஜியும் பிள்ளையும் கூட்டிட்டுப் போக வந்து நிக்கினும். கம்ப்யூட்டர்ல உனக்க பேரு மட்டும்தான் உள்ள காட்டுது. நீயும் சட்டுன்னு இறங்கப்பிடாதா?"

"விடாதீங்கண்ணே! பிள்ளையைக் குடுக்காதீங்க!" தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஹலோ? ஹலோ? என்னத்த போனோ!" என்றார் சத்தியதாஸ்.

அவருக்குப் பின்னால் அக்ஸாவின் குரல் தெளிவாகக் கேட்டது. காய்ச்சலில் கம்மியிருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

"அப்பா, அம்மைக்க கை ஐஸ் மாதிரி நல்ல தணுப்பு!"

"இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்க மக்ளே" என்றது ஷீஜாவின் குரல். "இனி உனக்குச் சூடே வராது."

சஜி பைக்கை ஸ்டார்ட் செய்தான்.