ஐம்பத்து மூன்றரை கிலோ

பத்தொன்பது நாட்களாக நாய்க்குட்டி எதையும் சாப்பிடவில்லை. ஆனாலும் எடை கூடிக்கொண்டே இருந்தது.

கிண்ணத்தில் பால் வைத்தபடியே ஆடை கட்டிக் கிடந்தது. வேகவைத்த கோழியைக் குட்டி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் அவள் பயந்துபோய்க் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். பதினோராம் நாள் மறுபடியும். அவர் குட்டியின் வயிற்றைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கலப்பினம்னா சும்மாவா? கல்லு மாதிரி இருக்கு. வேற யாரோ நல்லா ஊட்டுறாங்க. நீங்கதான் ஒழுங்கா சாப்பிடறதில்ல போல."

ஊட்டுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு அறை வீட்டில் அவள் ஒருத்திதான். வேலைக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும்.

குட்டியைக் கொண்டுவந்தது அக்கா. மீட்கப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் காப்பகத்தில் வார இறுதிகளில் உதவுகிறவள். அன்று காலைதான் சாக்கடை ஓரத்தில் கிடைத்தது என்றாள். நாலு பக்கப் படிவத்தையும் அவளே நீட்டினாள். தடுப்பூசி, குடற்புழு மருந்து, இரண்டு வேளை நடை, தினமும் எடை பார்த்து அனுப்ப வேண்டும். திருப்பித் தர முடியாது. 'இதற்கு முன் வளர்த்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அங்க ஒண்ணும் எழுத வேண்டாம். பொறுப்புன்னா என்னன்னு நீயும் கத்துக்க வேண்டாமா குண்டு? போடு கையெழுத்தை."

குண்டு என்பது சின்ன வயதில் அக்கா வைத்த பெயர். படிவத்தை நீட்டிய அக்காவின் கைதான் எலும்பும் தோலுமாக இருந்தது. தைராய்டு என்றாள். மோதிரம் நழுவாமலிருக்க அதில் நூல் சுற்றியிருந்தாள்.

இந்த ஞாயிறு மதியம், திரை இழுத்துவிட்ட கூடத்தில், சுவருக்கு அப்பால் யார் வீட்டிலோ துணி துவைக்கும் இயந்திரம் உறுமுவதும் ஓய்வதுமாக இருக்க, சோபாவில் அரைத் தூக்கத்தில் கிடந்தவளின் முழங்கை மடிப்பில் வெதுவெதுப்பாக ஏதோ ஊர்ந்தது. குட்டியின் நாக்கு, அவசரமே இல்லாமல் ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருந்தது, பால் மணமும் அதற்கடியில் ஈர இரும்பின் மணமும் மெல்ல எழுந்தன. சளக். சளக். தினமும் நடப்பதுதான். பாசம் என்று நினைத்திருந்தாள். இன்று கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை நக்கிய பிறகும் அது எதையோ விழுங்கியது.

கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். காயம் இல்லை. தடம்கூட இல்லை. எழுந்த வேகத்தில் இடுப்பிலிருந்து பைஜாமா நழுவியது.

எடைக் குறிப்பேட்டை எடுத்தாள். வீட்டில் இருந்தது ஆட்கள் ஏறி நிற்கும் எடை இயந்திரம்தான். முதலில் தான் மட்டும் ஏறுவாள். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். கழித்து வரும் விடையை மட்டும் காப்பகத்துக்கு அனுப்புவாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு விடையைப் பார்த்தே பழக்கம். ஓரத்தில் கிறுக்கிய மற்ற இரண்டு எண்களை இன்றுதான் படித்தாள்.

முதல் நாள், அவள் 51.4. இருவரும் சேர்ந்து 53.5.

பதினோராம் நாள், அவள் 49.6. இருவரும் 53.5.

இன்று காலை, அவள் 48.2. இருவரும் 53.5.

நடுவில் இருந்த எல்லா நாட்களிலும் அதே 53.5. நேற்று பசி தாங்காமல் நான்கு வேளை சாப்பிட்டிருக்கிறாள்.

இயந்திரம் பழுதாக இருக்கலாம். அலமாரியிலிருந்து ஒரு கிலோ உப்புப் பொட்டலங்கள் ஐந்தை எடுத்து அதன்மேல் அடுக்கினாள்.

5.0.

குட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாலை ஆட்டவில்லை. உதட்டை நக்கிக்கொண்டது.

அழைப்பு மணி அடித்தது.

அக்கா. "காப்பகத்துலேர்ந்து வீட்டுச் சோதனை குண்டு. சட்டுனு பார்த்துட்டுப் போயிடறேன்." செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியைத் தாண்டவும் இல்லை.

வெளி ஆள் குரல் கேட்டாலே சோபாவுக்கடியில் ஒளியும் குட்டி, ஓடிவந்து அக்காவின் காலடியில் மல்லாந்து புரண்டது.

"கிட்ட வராத. போ. அங்கயே உட்காரு."

குட்டி போய் உட்கார்ந்தது. உடனே. இவள் சொல்லி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

அக்காவின் கன்னம் பளபளத்தது. மோதிரத்தில் நூல் இல்லை. சதை இருபுறமும் பிதுங்கியிருந்தது.

"நூல் எங்கக்கா?"

அக்கா கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"படிவத்துல அந்தக் காலிக் கட்டத்துல யார் பேரு வரணும்?"

துணி துவைக்கும் இயந்திரம் நின்றுவிட்டது.

"இத எடுத்துட்டுப் போயிடுக்கா. உன் கால்ல விழறேன்."

"நான் எடுத்தா அது வராதுடி. இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் பழைய ஆளை விடும். விட்டதும் மறுபடியும் குட்டியாயிடும்."

குட்டி எழுந்து வந்தது. இவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டது. கனம். காலை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கட்டைவிரலில் ஈரம்.

சளக்.

"ஏன்க்கா என்கிட்ட?"

அக்கா கதவைப் பாதி சாத்தியிருந்தாள். இடுக்கில் பாதி முகம்.

"நாலு மாசம் என்கிட்டதான் இருந்துச்சு. முப்பத்தஞ்சு கிலோவுக்கு வந்துட்டேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு குண்டு. நீ போனா அழறதுக்கு என்னை விட்டா யாரும் இல்ல. அதான்."