கடைசி வரிசைக் குரல்

மும்பை மாட்டுங்காவின் பழைய தியேட்டருக்குள் முத்துமாரியும் நம்பிராஜனும் நுழைந்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு மதியக் காட்சி. ஆள் குறைவு. ஈரச் சாக்கும் எலி மூத்திரமும் கலந்த வாடை. பால்கனியின் கடைசி வரிசைக்கு அவள்தான் கணவனை இழுத்துப்போனாள்.

பேய்ப் படம் என்றால் முத்துமாரிக்குச் சோறு வேண்டாம். தாராவிப் பட்டறையில் தோல் பை தைக்கும்போதும் காதில் பேய்க் கதைதான் ஓடும். உயிர் போகிற மாதிரி பயந்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளிச்சத்துக்கு வருகிற அந்த நிமிடம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். நம்பிராஜனோ பாதிப் படத்தை விரலிடுக்கில் பார்ப்பவன்.

"மியூசிக் நின்னுட்டுன்னா வரப்போவுதுன்னு அர்த்தம்," என்று அவன் காதில் கிசுகிசுத்தாள். "கண்ண மூடிக்கிடுங்க."

"மூடித்தாம்ட்டி இருக்கேன்."

திரையில் ஒரு பெண் இருண்ட அறைக்குள் கால் வைத்தாள்.

"கதவுக்குப் பின்னால இல்ல. கட்டிலுக்கு அடியில," என்றது முத்துமாரியின் பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

கட்டிலுக்கு அடியிலிருந்துதான் கை நீண்டது.

முத்துமாரிக்குச் சந்தோஷம். நம்மைப் போலவே ஒருத்தி! அதுவும் நம்மூர்ப் பேச்சு.

"அடுத்து கண்ணாடி," என்றது குரல். கண்ணாடி உடைந்தது.

"அடுத்து பிள்ள." தொட்டிலில் பிள்ளை இல்லை.

ஒரு வார்த்தை பேசலாமென்று சிரித்தபடியே திரும்பினாள்.

பின்னால் வரிசையே இல்லை.

சுவர். நாற்காலியை ஒட்டிய சுவர். நடுவில் விரல்கூட நுழையாது.

படத்தின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

"அடுத்து ஒம் புருசன் எந்திரிப்பான். வுடாத."

நம்பிராஜன் எழுந்தான். "பாத்ரூம் போய்ட்டு வந்துருதேன்."

இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்தாள். "போவாதிய."

"ஏட்டி, நீயா பயப்படுத?" என்று சிரித்தான். அவள் பிடியை விடாததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

வெளியே ஏதோ இடிந்து விழுந்தது.

விளக்குகளைப் போட்டார்கள். கழிவறைக்குப் போகும் வழியில் கூரை பெயர்ந்து இரும்புச் சட்டத்தோடு கிடந்தது. சுண்ணாம்புத் தூசியில் இருமிக்கொண்டே எல்லாரும் வெளியேறினார்கள்.

நடந்ததைச் சொல்ல வழியெல்லாம் வாயெடுத்தாள். சொன்னால் சிரிப்பார் என்று விட்டுவிட்டாள். நீ எதுவாக இருந்தாலும் சரி, அவரைக் காப்பாற்றிக் கொடுத்தாயே என்று மனதுக்குள் கும்பிட்டாள்.

தாராவியில் அவர்கள் வீட்டுச் சந்து பகலிலும் இருட்டு. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். நம்பிராஜன் முன்னால் நடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் காதருகே மூச்சு.

"அடுத்து ஒம் புருசன் கூப்புடுவான். திரும்பாத."

முன்னால் போகிறவன் முதுகையே பார்த்தபடி நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். தொண்டையில் தூசி அடைத்த இருமல். பிறகு நம்பிராஜனின் குரல்.

"ஏட்டி மாரி... என்ன வுட்டுட்டு யாரு கூட போற?"

முன்னால் போய்க்கொண்டிருந்தவன் நின்றான்.