உருண்டு வந்த கொட்டைகள்

சனிக்கிழமை காலையில் அப்ரீன் பானு கடைக்குள் நுழைந்தபோது, ஆறு வயதுத் தங்கை நூருல் ஹுதா ஒரு பெரிய டப்பாவைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு டப்பா காலியாகக் கிடந்தது.

அப்ரீன் ஓடிப்போய்க் கரண்டியைப் பிடுங்கினாள். சங்கரன்கோவில் கடைத்தெருவில் அவர்களுடைய உம்மா ஹாலிதா நடத்தும் காப்பித்தூள் கடை அது. அதுவரை ஒரு டப்பாவில் பீபெரி, மற்றதில் ரோபஸ்டா என்று இரண்டு வகைக் காப்பிக்கொட்டைகள் இருந்தன. இரண்டும் வறுக்காத பச்சைக் கொட்டைகள்.

“தனித்தனியா இருந்துச்சுல்லா, அதான் சேத்து வச்சேன்” என்றாள் ஹுதா.

உம்மா வந்து பார்த்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்காக, பீபெரியில் மட்டும் அரைத்த தூள் அரைக் கிலோ வேண்டும் என்று கடைக்கு வாடிக்கையாக வரும் தங்கத்தாய் அக்கா கேட்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார்.

“அக்காட்ட இப்ப என்ன சொல்லுதது?” என்றார் உம்மா.

அப்படியே வறுத்துவிடலாமே என்றாள் ஹுதா. அது ஆகாது என்று அப்ரீனுக்குத் தெரியும். ரோபஸ்டா கசக்கும், டிகாஷன் கெட்டியாக இறங்கும், ஆனால் பீபெரியின் மணம் அதில் வராது. இரண்டும் ஒரே நேரத்தில் வறுபடவும் செய்யாது. ஒன்று பதமாகும்போது மற்றது பதம் தப்பிவிடும்.

எனவே பொறுக்க உட்கார்ந்தார்கள். காப்பிப் பழத்துக்குள் பெரும்பாலும் இரண்டு கொட்டைகள் ஒட்டி இருக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டையாகிவிடும்; டப்பாவிலிருந்த ரோபஸ்டாவும் அப்படித்தான். எப்போதாவது ஒரே கொட்டை மட்டும் தனியாக வளரும். பட்டாணிபோல் உருண்டையான அதுதான் பீபெரி.

அரை மணி நேரமாகியும் ஒரு டம்ளர்கூட நிறையவில்லை. ஹுதா மூட்டைக்குப் பின்னால் நின்று கண்ணைக் கசக்கினாள்.

“ஏட்டி, அழாத. வா, நீயும் பொறுக்கு” என்று அப்ரீன் தன் பரீட்சை அட்டையில் ஒரு கை கொட்டையைப் போட்டுக் கொடுத்தாள்.

ஹுதா அட்டையை மடியில் வைத்தாள். அது சரிந்தது. உருண்டைக் கொட்டைகள் மட்டும் கடகடவென்று ஓடி விழுந்தன. தட்டையானவை இருந்த இடத்திலேயே இருந்தன.

அப்ரீன் அட்டையின் ஒரு முனைக்கு அடியில் பாடப்புத்தகம் ஒன்றை வைத்தாள். எதுவும் நகரவில்லை. மூன்று வைத்தாள். எல்லாமே சறுக்கின. இரண்டு வைத்ததும் பீபெரி மட்டும் உருண்டு கீழே இருந்த தட்டில் விழுந்தது. ஹுதா கைதட்டினாள்.

அதன்பின் வேலை பறந்தது. அப்ரீன் கொட்டையைப் போட, ஹுதா அட்டையைத் தட்ட, உம்மா தவறி வந்த ரோபஸ்டாவையும் கருத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் எடுத்தார். நாலைந்து கெட்ட கொட்டை விழுந்தாலே தூளின் ருசி மாறிவிடும் என்பார் அவர்.

தங்கத்தாய் அக்கா வந்தபோது, வறுத்து அரைத்த தூள் இன்னும் சூடாக இருந்தது. வாசனை பிடித்தவர் முகம் மலர்ந்தது.

“நாந்தான் கலந்துட்டேன். அக்காதான் பிரிச்சா” என்று ஹுதா தானாகவே சொன்னாள்.

உம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். தங்கத்தாய் அக்காவோ எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டார். அப்ரீன் செய்து காட்டினாள். கொட்டைகள் கடகடவென்று ஓடின.

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பைக்குள் செல்போன் அடித்தது. “இந்தா வாரேன், வந்துட்டே இருக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டு, அப்ரீனிடம் கையை நீட்டினார்.

“இன்னும் ஒரு கை போடு, மக்கா.”