மூன்றாம் தாள்

மூன்றாம் தாளில் எதுவும் விழக் கூடாது. தட்டில் உறைந்து கிடக்கும் ஜெலட்டின் பாளத்தின் மேல் ரோலரால் மை தடவி, அதன்மேல் ஓர் இலையையும் ஒரு பூச்சியையும் கிடத்தி, முதல் தாளை விரித்துக் கையால் நீவி எடுத்தால் வெள்ளை நிழல்கள் வரும். இலையையும் பூச்சியையும் இடுக்கியால் அகற்றிவிட்டு இரண்டாம் தாளை வைத்தால், பாளத்தில் ஒட்டியிருக்கும் நரம்பும் மயிரும் துல்லியமாக ஏறி வரும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது அதைத்தான். மூன்றாவது வெறும் துடைப்பான். மிச்ச மையை ஒற்றி எடுத்துக் கசக்கி எறிவதற்கென்றே ஒதுக்கிய பழைய தாள். அன்று பிற்பகல் அதைக் கசக்கப் போன ஓவியர், விரல்களை மடக்கியவர், மறுபடி விரித்தார்.

அதில் அந்துப்பூச்சி இருந்தது. இரண்டாம் தாளில் இருந்ததைவிடக் கறுப்பாக.

அதைக்கூட மையின் கோளாறு என்று தள்ளிவிடலாம். ஆனால் இரண்டாம் தாளில் அது கால்களை வயிற்றோடு மடக்கிக் கிடந்தது. இதில் ஒரு காலைத் தூக்கியிருந்தது.

அவரை ஓவியர் என்று ஊர் அழைக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்கு முன்னால் ரசீதுப் புத்தகமும் லெட்டர்பேடும் அடித்துத் தருகிற அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்து, எழுத்துப் பிழைக்காக மட்டுமே வாழ்க்கையில் மனம் நொந்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டின் பின்னறையில் பொழுதுபோக்காக இலைகளைப் பதிக்கத் தொடங்கினார். அதைக் கண்காட்சிக் கூடம் நடத்தும் ஒரு பெரிய மனிதர் பார்த்துவிட்டார். எதைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘பிரமாதம்’ என்பார். ஆகவே அவருக்குப் பெயரே பிரமாதம் என்றாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே படம் பார்க்கும் வித்தை அவருக்கு மட்டுமே கைவந்தது.

அந்த முதல் சந்திப்பில், தேநீரும் புகழும் சேர்ந்து தலைக்கேறிய நிலையில், ஓவியர் ஒரு வாக்கியம் சொன்னார்: ‘தாமாக உதிர்ந்தவற்றுக்கு மட்டுமே என் தாளில் இடம்.’ பிரமாதம் அதைக் கெட்டி அட்டையில் அச்சடித்து, ‘இக்கலைஞரின் கைகள் ஓர் உயிரையும் துன்புறுத்துவதில்லை’ என்று தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்து, கூடத்தின் வாசலில் மாட்டினார். சொன்னபோது அது உண்மைதான். அப்போது ஓவியர் பதித்ததெல்லாம் இலைகள். பழுத்த இலைக்கு யாரும் துக்கம் விசாரிப்பதில்லை.

பூச்சிகளுக்கு வந்தபோதுதான் சிக்கல். தாமாகச் செத்த பூச்சி காய்ந்து மொறுமொறுத்துவிடும். தாளைப் போட்டு நீவினால் தூளாகும். பதிவது பூச்சி அல்ல, புழுதி. ஒரு நாள் ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடப்பதாக நினைத்து எடுத்துவந்த ஒன்று செத்திருக்கவில்லை. தாளுக்கு மேலே கட்டைவிரல் அதைக் கடந்தபோது அடியில் ஒரு துடிப்பு. கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அன்று வந்த பதிவில் இறக்கையின் செதில், நெஞ்சின் ரோமம், கண்ணின் அறைகள்கூடத் தெரிந்தன. பிரமாதம் அதைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு ஃபிரீசரில் ஒரு நீல டப்பா குடியேறியது. குளிரில் வைத்தால் பூச்சி மரத்துவிடும், சாகாது. எடுத்துப் பாளத்தில் கிடத்தி, முகத்தை அருகே கொண்டுபோய், பால் ஆற்றுவது போல மெல்ல ஊத வேண்டும். மூச்சின் சூட்டில் இறக்கைகள் தாமாக விரியும். விரிந்த கணத்தில் தாள். தாளின் மேல் கட்டைவிரல். அந்தக் கடைசிக் கணத்தில் தான் முகத்தைத் திருப்பிக்கொள்வதாகவே ஓவியர் நம்பிவந்தார். அது போதும் என்றும் நம்பினார். திருடுகிறவன் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுத் திருடப் போவது மாதிரி.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். பகலெல்லாம் பிறர் கண்களுக்கு முன்னால் வட்டக் கண்ணாடிகளை மாற்றிமாற்றிப் போட்டு, இப்போ தெளிவா இருக்கா, இப்போ, என்று கேட்பது அவள் தொழில். டப்பாவைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டாள்.

“அந்த நீல டப்பால என்னங்க இருக்கு?”

“விதை. குளிர்ல வெச்சாத்தான் முளைக்கும்.”

சரி என்றாள். எதையும் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டுக்கேட்டுப் பிழைப்பவள் அவரை மட்டும் இரண்டாம் முறை கேட்டதில்லை. போன வாரம் குளியலறையில் ஒரு சிலந்தியைப் பார்த்து, தனக்கு உடம்பெல்லாம் கூசினாலும், டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாளாம். நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான், என்று சொன்னாள். அன்று அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அவள் தம்பி வேறு, வந்த இடத்தில் சும்மா இராமல், “சுவத்துல அடிச்சா அழுக்கு, பேப்பர்ல அடிச்சா கலை. அப்படித்தானே மாமா?” என்றான். அவள் தம்பியை முறைத்தாள். ஓவியர் சிரித்துவைத்தார். காது மடல் இரண்டும் எரிந்தன.

இப்போது பின்னறையில், மூன்றாம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதே காது மடல்கள் எரிய, அவர் பாளத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார். சோப்பு நீர், பிறகு ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. பாளம் வெளுத்துப் பளபளத்து, அவர் மேசையில் கை ஊன்றியபோதெல்லாம் லேசாக அதிர்ந்தது. மை தடவாமல் ஒரு புதுத் தாளை அதன்மேல் வைத்தார். நீவவும் இல்லை. வைத்தார், அவ்வளவுதான். வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது செருமிச் செருமி ஓய்ந்ததும் அறையில் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. காய்ந்த காகிதத்தின் அடிப்பக்கத்தை மெல்லிய கால்கள் பிறாண்டுகிற சத்தம்.

தாளை உரித்தார்.

பூச்சி மல்லாந்திருந்தது. அதற்கு மேலே, தாளின் பாதியை அடைத்துக்கொண்டு, முட்டை வடிவில் ஒரு கறுப்பு. கறுப்புக்குள் வளைவளைவாகக் கோடுகள். கோடுகளைக் குறுக்கே வெட்டும் ஒரு தழும்பு. அச்சகத்தில் கட்டிங் மெஷின் போட்ட தழும்பு.

அவர் தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்தார். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் ஒளித்தார்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்பதுதான் முதல் எண்ணம். இது என்ன என்பது இரண்டாவது. தாள்களைத் துண்டுதுண்டாகக் கிழித்தார். பாளத்தைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினார். அது சுற்றிலும் இளகி, நடுவில் மட்டும் இளகாமல் சற்று நேரம் நின்று, பிறகு மனமில்லாமல் கரைந்தது. எலும்பு வேகும் வாடை வீடு முழுக்கப் பரவியது. தொட்டியில் ஊற்றி, வெந்நீரும் ஊற்றினார். தண்ணீர் இறங்கும் வழியில், வெகு ஆழத்தில், படபடவென்று எதுவோ அடித்துக்கொண்டது.

வாசலில் வண்டி வந்து நின்றது. மறுநாள் கண்காட்சி. சட்டம் போட்ட படங்களை ஏற்றிப்போகக் கூடத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். முன்னறைச் சுவரோரம் அவை காகிதம் சுற்றித் தயாராக நின்றன. ஓவியர் பல நாள் முன்பே பதித்திருந்த பெரிய படத்தின் மேல்பாதிக் காகிதத்தை மட்டும் பிரித்தார். அந்துப்பூச்சி அப்படியே இருந்தது. ரோமம், செதில், எல்லாம். மேல் ஓரத்தில் மட்டும் நகக்கீற்று அளவுக்கு ஒரு சாம்பல் நிறம். வளைவாக. நேற்று அது இல்லை.

ஏற்ற வேண்டாம் என்று சொன்னால் போதும். ஏன் சார் என்று கேட்பார்கள். காகிதத்தை மறுபடி ஒட்டி, பாத்து எடுத்துட்டுப் போங்க, கண்ணாடி, என்றார்.

மனைவி வேலை முடிந்து வந்ததும் மூக்கைச் சுளித்து, என்ன வாடை என்று கேட்டாள். புதுப் பாளம் காய்ச்சினேன், சரியாக வரவில்லை என்றார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், நாளைக்கு லீவு சொல்லியாகிவிட்டது, கண்காட்சிக்கு நானும் வருகிறேன் என்றாள்.

அவர் கூட்டமாக இருக்கும் என்றார். புழுக்கம், வெறும் பேச்சு, கால் வலிக்கும் என்றார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்.

“ஆயுசு பூரா அடுத்தவங்க கண்ணையே பாத்தாச்சு. உங்க படத்தை ஒரு தடவையாவது கிட்ட நின்னு பாக்க வேணாமா?”

“கிட்ட நின்னு பாக்க அதுல என்ன இருக்கு.”

“நீங்க இருக்கீங்களே.”

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் உள்ளே போய்ப் புடவை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

கூடம் பெரியது. ஜன்னல்கள் அடைத்தவை, விளக்குகள் பட்டப்பகலை மிஞ்சியவை. காற்று புகாத இடத்தில் வாசனைத் திரவியங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. பிரமாதம் மேடையில் மைக்கைப் பிடித்து, இயற்கையின் மௌனத்துக்கும் மௌனத்தின் இயற்கைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசினார். பேசி முடித்தும் அது யாருக்கும் பிடிபடவில்லை, எனவே கைதட்டல் பலமாக இருந்தது. ஓவியர் பக்கத்து நாற்காலியில் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்க்கக் கூடாது என்று தரையையே பார்த்தார். தரை பளிங்கு. சுவர் அதிலேயே தெரிந்தது.

நிமிர்ந்தார்.

எந்தப் படத்திலும் பூச்சி இல்லை. எல்லாவற்றிலும் கட்டைவிரல். அதற்கு அப்பால், கீழே கிடப்பவர் அண்ணாந்து பார்க்கும் கோணத்தில், ஒரு முகம். நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு அறைகளாக உடைந்து, ஒவ்வோர் அறையிலும் முழுதாக, அதே முகம். உதடுகள் ஊதுவதற்குக் குவிந்திருந்தன. கண்கள் திரும்பிக்கொள்ளவே இல்லை. அகலத் திறந்து, பளபளத்து, சிரித்துக்கொண்டிருந்தன.

தான் சிரிப்பது அவருக்கு இதுவரை தெரியாது.

முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் அதைச் சுயசித்திரம் என்றார். துணிச்சல் என்றார் மற்றவர். மூன்றாமவர் ஏற்கெனவே குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பிரமாதம் கண்ணை மூடி, பிரமாதம் என்று சொல்லி, மைக்கை ஓவியர் கையில் கொடுத்தார்.

கூட்டத்திலிருந்து விலகி, மனைவி பெரிய படத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டாள். ஓர் அடி முன்னே வைத்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், பலகையில் எழுத்து மங்கலாகத் தெரிபவர்கள் அவள் கடையில் சாய்ப்பது போல. பிறகு நேராக்கினாள். தெளிவாகிவிட்டது போலும். அவள் தோள்கள் இறங்கின. திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நெற்றியோர முடி அசைந்தது.

கூடத்தில் மின்விசிறி இல்லை. வேறு ஒருவர் முடியும் அசையவில்லை. அவளுடையது மட்டும் மெல்லப் பின்னால் ஒதுங்கியது. புடவைத் தலைப்பு ஒதுங்கியது. இடது கை உடம்பை விட்டுச் சற்று விலகியது. பிறகு வலது. தூக்கத்தில் தூக்குவது போல. தாமாக.

‘தள்ளி நில்லு.’ இரண்டே சொல். கையில் மைக் இருந்தது. சொன்னால் கூடம் முழுக்கக் கேட்கும். கூடம் முழுக்க ஏன் என்று கேட்கும்.

பிரமாதம் அவர் காதோரம் குனிந்தார். “பேசுங்க சார். எல்லாரும் காத்திருக்காங்க.”

அவள் கைகள் தோள் உயரம் வந்துவிட்டன.

சொல்.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

சொல்லு.

“இந்தக் கைகள்...” என்றது ஒலிபெருக்கியில் அவர் குரல். சீராக, பணிவாக. “ஓர் உயிரையும்...”

கூடம் கைதட்டியது. எல்லா முகங்களும் மேடையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அந்தச் சுவரை நோக்கி அவர் ஒருவர்தான். அங்கே அவள் குதிகால்கள் தரையை விட்டு எழும்பியிருந்தன. இரண்டு கைகளும் விரல்நுனி வரை விரிந்து, சட்டத்தின் கண்ணாடிமேல் மார்பும் கன்னமும் ஒட்டி நின்றன. கண்ணாடிக்கு உள்ளே, அவள் தலைக்கு நேராக, கட்டைவிரலின் ரேகைகள் மெல்ல வெளுக்கத் தொடங்கின. அழுத்தும்போது விரலில் ரத்தம் விலகி வெளுக்குமே, அப்படி.