மூன்றாவது ஊசி

ஜெனிஸ்ரன் ஐந்தரைக்கு எழுந்தான். கிணற்றில் இரண்டு வாளி அள்ளினான். தேநீர் ஊற்றினான். மகளுக்குப் பல் தீட்டிவிட்டு, மாதா சுரூபத்தின் முன் மடியில் இருத்தி, வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லிச் செபித்தான். கடைசிப் பெயர் மேனுகா. அவன் மனைவி.

"மிரோஜன்," என்றாள் மகள்.

ஜெனீற்றாவுக்கு ஆறு வயது. ஓட்டிசம். அதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. அவள் பேசவேண்டும் என்றுதான் ஜெனிஸ்ரன் நெடுந்தீவிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோய், பரிசோதனை முயற்சி என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்திட்டு, இரண்டு தடவை ஸ்டெம் செல் ஊசி போடுவித்தான். மிரோஜன் அங்கே பக்கத்துக் கட்டில் பொடியன்.

சந்தோசத்தில் மிரோஜனின் தாய் றஞ்சனிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"உங்களுக்கு ஆர் அண்ணை சொன்னது? மூண்டு மணிக்குத்தான் பிள்ளை போனவன்."

இறந்த பிள்ளையின் பெயரைக் கேட்டபின் செபத்தில் விட்டுவிடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. சேர்த்தான். மறுநாள் அவள் கிருசாந்தி என்றாள். அங்கே ஊசி போட்ட இன்னொரு பிள்ளை; அவளும் இறந்திருந்தாள். அதையும் சேர்த்தான். அதற்கடுத்த நாளும் ஒரு பெயர்.

அதன்பின் அவள் அருகில் வந்தால், பவளக்கல் வேலிக்கு அப்பால் கடல் இரைவதையும் மீறி அந்தச் சின்ன நெஞ்சுக்குள்ளிருந்து ஒன்றோடொன்று ஒத்துவராத பல மூச்சுகள் கேட்டன. அவள் தலைமுடியில், தேங்காயெண்ணெய்க்குக் கீழே, வேறு வேறு பிள்ளைகளின் தலை மணத்தது.

செபத்தை நிறுத்தினான். மூச்சுகள் நிற்கவில்லை.

சிகிச்சை நிலையத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"மூண்டாவது ஊசிக்கு எப்ப வாறீங்கள்? பிள்ளை கதைக்கத் தொடங்கியிருக்குமே."

"கதைக்கிறது என்ரை பிள்ளை இல்லை. போட்டிலையே ஏறமாட்டம்."

"சம்மதக் கடிதம் தந்திருக்கிறீங்கள்."

"அதிலை கருவாடு சுத்துங்கோ. என்ரை பிள்ளை கதைக்காமலே நல்லாத்தான் இருந்தது. சோகிச் சிப்பி அடுக்கிக்கொண்டு, தன்ரை பாட்டிலை இருந்தது. எனக்குத்தான் அது போதாமல் போச்சு."

வைத்துவிட்டான். மகளைத் தூக்கி மார்போடு இறுக்கினான்.

"வெளியாலை போங்கோ," என்றான் அவள் நெஞ்சைப் பார்த்து. "இது என்ரை பிள்ளையின்ரை உடம்பு. ஒருத்தருக்கும் தரமாட்டன்."

உள்ளே ஒரு பொடியன் இருமினான். யாரோ சிரித்தார்கள். யாரோ தாயைக் கேட்டு அழுதார்கள். அவள் உதடுகள் அசையவில்லை.

"போங்கோ!"

அவன் பிடி தளரவில்லை.

உள்ளே இருமலும் அழுகையும் நின்றன.

உதடுகள் பிரிந்தன. மிக அடியிலிருந்து ஒரு குரல். அவன் ஆறு வருடம் காத்திருந்த குரல். ஒரே ஒருமுறை.

"அப்பா, எனக்கு இடமில்லை."